பெரியவளின் லாயம் இருந்த இடம்

"1982 ஜனவரி 17, ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து இடம் அளந்தோம். அகலம் போதும். நீளத்துக்குப் பெரியவளின் லாயம் குறுக்கே வருகிறது. வானம் தெளிவு. காலையில் புல்லின் மேல் உறைபனி."

அந்த வருஷத்து என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. அளந்தது குதிரைச் சவாரி பழகுவதற்கான ஒரு மைதானத்துக்கு. பெரியவள் என்பது எங்களிடம் இருந்த குதிரைகளில் வயதானவள். செவலை நிறம், நெற்றியில் கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பெயர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பின்னால் வந்த குதிரைகளுக்கெல்லாம் அவள் பெரியவள், அதனால் அப்படி.

நான் அப்போது கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். என் கணவர் ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரைகள் விட்டு வந்தார். பெரியவளைச் சேர்க்காமல் நான்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஏரிச் சாலையில் ஒரு காரும் அடுத்த காரும் வருவதற்கு இடையில் ஒரு குதிரை நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். பத்து வருஷத்தில் அது மாறிவிட்டது. சீசன் மாதங்களில் டூரிஸ்ட் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஹாரன் அடித்தால் குதிரை மிரளும், குதிரை மிரண்டால் ஏறியிருக்கும் பிள்ளை அலறும், பிள்ளை அலறினால் அப்பா வந்து என் கணவரிடம் சண்டை பிடிப்பார். நான் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டார்கள். ஆனால் சாலையில் வேண்டாம், வேலி போட்ட இடமாக இருந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அந்த மைதானம்.

எங்கள் நிலம் ஏரிக்கு மேலே, பேரிக்காயும் பிளம்ஸும் வைத்த ஒரு சரிவு. அதில் சமமாக இருந்தது வீட்டுக்குப் பின்புறத்து ஒரே ஒரு துண்டுதான். நூலகத்தில் இருந்த ஒரு சவாரிப் புத்தகத்திலிருந்து நான் அளவைக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"லைப்ரரியம்மா, உங்க புஸ்தகம் நீளம் எம்புட்டுன்னு சொல்லுது?" என்று கேட்டார் கணவர். கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருந்தது.

"நூத்தி முப்பது அடிங்க."

"எழுதுனவன் சமவெளியில நாற்காலி போட்டு உக்காந்து எழுதியிருக்கான். இங்க நூத்தி முப்பது அடி போனா பாதிக் குதிரை பள்ளத்துல நிக்கும்."

"லாயத்தையும் சேத்தா வந்துரும்."

அவர் கயிற்றைச் சுருட்டினார். லாயத்துக்குள்ளிருந்து பெரியவள் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை வாங்கியது 1971இல், எங்கள் கல்யாணம் நடந்த வருஷம். அதற்கு முன் தாண்டிக்குடிப் பக்கம் பொதி சுமந்தவள். சாலை போகாத தோட்டங்களிலிருந்து காப்பிக் கொட்டையும் மலைவாழைத்தாரும் ஆரஞ்சும் குதிரை முதுகில்தான் கீழே இறங்கும். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வரிசையில் முதல் குதிரைக்கு மட்டும் கழுத்தில் மணி கட்டுவார்கள், மற்றவை அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். பெரியவள் மணி கட்டிய குதிரை. விற்றவர் எட்டு வயது என்றார். பல்லைப் பார்த்த என் கணவர், "எட்டா? எட்டு வருஷத்துக்கு முன்னால இவளுக்கு எட்டு" என்று சொல்லிவிட்டு, அப்படியும் வாங்கினார். ஆகவே அவளுடைய பிறந்த வருஷத்தை நான் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஏரிக்கரையில் அவள் பத்து வருஷம் நடந்தாள். பயந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான். மேலே இருப்பது அழ ஆரம்பித்தால் தானாகவே நின்றுவிடுவாள். அழுகை நின்றதும் நடப்பாள். மதுரையிலும் மெட்ராஸிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு குழந்தைக்குக் கீழே அவள் நின்றுகொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவள்தான் தினமும் எதிரே நின்றாளே.

1981 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்கால் முட்டிகள் வீங்கியிருந்தன. கணவரும் ஏரிக்கரைக்காரர்கள் இரண்டு பேரும் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கால்நடை மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்தார்.

"வயசான மூட்டு. இந்தக் குளிர் ஆகாது. இன்னொரு ஐப்பசி கார்த்திகை மழைய இங்க வச்சுப் பாக்காதீங்க. படுத்தா எந்திரிக்க மாட்டா. கீழ வெயில் இருக்கிற ஊருல யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். என் கணவரின் அக்காவுக்கு மலையடிவாரத்தில் அய்யம்பாளையத்தில் ஒரு தென்னந்தோப்பு. கேட்டதும், "கொண்டுட்டு வந்து விடுங்க. புல்லு கெடக்கு, நெழலு கெடக்கு. எனக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு" என்றார். ஆகவே 1982இல் எங்களுக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. மைதானத்தை முடிப்பது, அடுத்த மழை தொடங்கும் முன் பெரியவளைக் கீழே அனுப்புவது. இரண்டாவதற்கு என்னைப் பொறுத்தவரை கடைசித் தேதி செப்டம்பர் முடிவு.

மைதான வேலை பிப்ரவரியில் தொடங்கியது. மேல்புறத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்புறத்தில் கொட்டி, கல் அடுக்கி, தைலமரக் கம்புகளை நட்டு வேலி போட்டார்கள். காய்கறி இறக்கிவிட்டு மேலே திரும்பும் லாரிகளில் ஆற்று மணல் வந்தது. மரம் அறுக்கும் மில்லிலிருந்து மரத்தூள். லாயத்தை ஏப்ரல் கடைசியில் பிரித்தோம். பெரியவளுக்கு அடுப்படிச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினோம். சுவரின் சூடு அவளுக்கு நல்லது என்பது என் எண்ணம். அவள் சாய்ப்பில் தூங்கினாள். ஆனால் காலையில் அவிழ்த்து விட்டதும் நேரே பழைய லாயம் இருந்த இடத்துக்குப் போய், வாசல் எங்கே இருந்ததோ அங்கே நின்று, தீனி வாளிக்காகக் காத்திருப்பாள். கணவர் முதலில் கையைத் தட்டி விரட்டினார். பிறகு வாளியை அங்கேயே கொண்டுபோய் வைத்தார்.

சவாரி கற்றுக்கொடுக்கப் பள்ளி ஒருவரை வைத்திருந்தது. திண்டுக்கல்காரர், ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்றவர். முறுக்கு மீசை, நல்ல இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்றார்கள், நாங்களும் அப்படியே. ஜூலையில் வகுப்பு தொடங்கியது.

என் கணவருக்குக் குதிரைகளைப் பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. "ஆயுசு பூரா ஏரியச் சுத்துன குதிரைங்க. இந்த வட்டத்தச் சுத்தவா சொல்லிக் குடுக்கணும்?" என்று எல்லோரிடமும் சொன்னார். ஏரிக்கரையில் குதிரை வைத்திருந்தவர்கள் எல்லோருமே அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

முதல் நாள் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வேலி இடக்கைப் பக்கம் வரும்படி குதிரைகள் போனவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு மாஸ்டர், "திரும்பு! மறுசுத்து!" என்றார். பிள்ளைகள் வாரை இழுத்துக் குதிரைகளைத் திருப்பினார்கள். திரும்பிய குதிரைகள் நாலடி போனதும், சொல்லி வைத்ததுபோல், மைதானத்தைக் குறுக்கே வெட்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய், வேலியை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு பழையபடி நடக்க ஆரம்பித்தன. மாஸ்டர் மறுபடி கத்தினார். மறுபடி அதேதான். நடுவில் ஒரு பையன், வாரை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க முதலாளி, குதிரை வச்சிருக்கீங்களா, கடிகாரம் வச்சிருக்கீங்களா?" என்றார் மாஸ்டர். "முள்ளு மாதிரி ஒரே பக்கமாத்தான் சுத்துது. சாவி எங்க குடுக்குறது, வாலுலயா?"

கணவர் முகம் சிவந்துபோனது. "புது எடம் சார். பழகிரும்."

பழகவில்லை. காரணத்தை அன்று மாலை தேநீர் குடிக்கும்போது இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தோம், மேஜையில் ஒரு தட்டை ஏரியாக வைத்துச் சுற்றிப் பார்த்து. ஏரியைச் சுற்றும்போது சாலையின் இடது ஓரமாகப் போக வேண்டும். ஏரியோரத்துக் கம்பிவேலி எப்போதும் குதிரையின் இடக்கைப் பக்கம். வருஷக்கணக்கில் அவற்றுக்கு இடப்பக்கம் கம்பி, வலப்பக்கம் வண்டி. இந்த மைதானத்தில் மறுசுற்றுப் போனால் வேலி வலப்பக்கம் வந்துவிடுகிறது. அவற்றின் கணக்கில் அது வண்டி வருகிற பக்கம். அதனால் ஓரத்தைத் தேடிப் போய்விடுகின்றன. தப்பு குதிரைகளுடையது அல்ல. ஏரிக்கு வேலி உள்ளே, மைதானத்துக்கு வேலி வெளியே. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

"உங்க புஸ்தகத்துல இது இருக்கா?" என்றார்.

"இல்லீங்க. எழுதுனவர் ஏரிய சுத்துன குதிரையப் பாத்திருக்க மாட்டாரு."

ஒரே பக்கமாகச் சுற்றினால் குதிரைக்கும் கெடுதல், பிள்ளைகளுக்கும் பாதிச் சவாரிதான் வரும் என்றார் மாஸ்டர். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். ஆகஸ்ட் முழுக்கக் குதிரைகளைத் தனித்தனியாகக் கையில் பிடித்து நடத்திப் பார்த்தார். பிடித்தவரை வரும், விட்டால் ஓடிவிடும். செப்டம்பரில் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: அக்டோபரில் முதல்வர் வந்து பார்ப்பார், அதற்குள் சரியாகாவிட்டால் வகுப்பை நிறுத்திவிடுவோம். கணவர் அந்த மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. மைதானத்துக்காக இரண்டு வரிசைப் பேரி மரங்களை வெட்டியிருந்தோம்.

இதற்கிடையில் பெரியவளுக்கான நாள் வந்தது. செப்டம்பர் 27, திங்கள்கிழமை, முட்டைக்கோஸ் ஏற்றி வத்தலகுண்டு போகும் லாரியில் பின்பக்கம் இடம் விட்டுத் தருவதாக டிரைவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஏரிக்கரைக் குதிரைக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குதிரையை வேலையிலிருந்து விடுவித்து அனுப்பும்போது லாடத்தைக் கழற்றிவிட்டு அனுப்புவார்கள். லாடம் கழற்றிய குதிரை மேல் அதற்குப் பிறகு யாரும் சேணம் போடுவதில்லை. 25ஆம் தேதி சனிக்கிழமை மத்தியானம் நான்கு லாடங்களையும் கணவரே கழற்றினார். ஏரிக்கரையிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் அவள் கழுத்தைத் தட்டி, "போ ஆத்தா, போயி வெயிலக் குடி" என்றார். லாடங்களை நான் ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

எல்லாரும் போன பிறகு அவளை அவிழ்த்துவிட்டோம். மற்ற நான்கு குதிரைகளும் மைதானத்துக்குள் சும்மா நின்றிருந்தன. அவள் வழக்கம்போல் லாய வாசலைத் தேடிக்கொண்டு போனாள். ஆனால் அன்று கீழ்ப்பக்கத்து வாயில் வழியாக உள்ளே போனதால் வேலியோரமாக, வேலியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாள். லாடம் இல்லாத கால் மணலில் சத்தமே எழுப்பவில்லை. அவள் பின்னால் வெள்ளைக் குதிரை போனது. அதன் பின்னால் மற்ற மூன்றும். ஒரு முழுச் சுற்று. ஒன்றுகூடக் குறுக்கே வெட்டவில்லை.

கணவர் கையில் வாளியோடு நின்றார். வாளியைக் கீழே வைத்தார்.

பொதிப்பாதையில் நடந்தவளுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மலை இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் பள்ளம் என்பது அவளுக்கு ஒன்றுதான். ஏரிக்கரையில் நடந்த பத்து வருஷமும் அந்தப் பழக்கத்தை அழிக்கவில்லை.

"லாரிய இந்த வாரம் வேணாம்னு சொல்லிரவா?" என்றார் கணவர், என்னைப் பார்க்காமல்.

"லாடம் கழட்டியாச்சுங்க."

"அவ மேல யாரு ஏறப்போறா? சும்மா முன்னால நடக்கட்டும். ஒரு வாரம். இதுங்க பழகுற வரைக்கும்."

"மழை வந்துரும்."

"ஒரு வாரத்துலயா வந்துரும்?"

நாங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து சத்தம் போட்டுச் சண்டையிட்டதில்லை. அன்றும் போடவில்லை. நான் மருத்துவர் சொன்னதை இன்னொரு தடவை சொன்னேன். அவர், "எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்குத் தெரியும் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஒரு வாரம் அக்டோபர் முழுதும் ஆனது. தினமும் காலையில் பெரியவள் முன்னால் நடந்தாள், கழுத்தில் மணியோடு. மணியைத் தேடிக் கட்டியவர் மாஸ்டர். "கமாண்டர் வந்தாச்சு, எல்லாரும் அட்டென்ஷன்" என்று பிள்ளைகளிடம் சொல்வார். அவளை முன்னால் விட்டு மறுசுற்றுப் போனால் நான்கும் ஒழுங்காகப் போயின. அவளை வெளியே எடுத்தால் இரண்டு குதிரை குறுக்கே வெட்டும். அடுத்த வாரம் ஒன்று. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. லாய வாசல் இருந்த இடம் வந்ததும் ஒரு கணம் நிற்பாள். வாளி இல்லை என்று பார்த்துவிட்டு நடப்பாள். பின்னால் வருகிறவையும் நிற்கும். மாஸ்டர் அதை மாற்றப் பார்த்துத் தோற்று, கடைசியில், "அது ஸ்டேஷன். டிக்கெட் எடுக்குறவங்க எடுத்துக்கங்க" என்று விட்டுவிட்டார்.

முதல்வரின் வருகை மழையால் இரண்டு முறை தள்ளிப்போனது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் குடையோடு வந்தார். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் இரு பக்கச் சுற்றும் போய்க் காட்டினார்கள். வகுப்பு தொடரும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் அன்றிரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அதற்கடுத்த வாரம், பனிமூட்டம் ஜன்னலை ஒட்டி நின்ற ஒரு காலையில், சாய்ப்பிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். பெரியவள் முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்து, பாதியில் மறுபடி உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை எழுந்தாள். எழுந்து நின்று நடுங்கினாள். அவர் அவள் முட்டியில் கையை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்குப் போனார்.

ஆனால் வத்தலகுண்டுச் சாலையில் மண் சரிந்து கிடந்தது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாத்தனாரிடமிருந்து, சரிவுக்கு முன்பே கீழிருந்து வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பிய செய்தி வேறு: "ஏலே, குதிரைய அனுப்புறேன் அனுப்புறேன்னு ஆவணியிலருந்து சொல்ற. தண்ணித்தொட்டி கழுவிக் கழுவி எங்கையி தேஞ்சு போச்சு. வெரசா அனுப்பு."

லாரி தாண்டிக்குடி வரை போகும். அதற்குக் கீழே சாலையில் வண்டி இல்லை. அங்கிருந்து அய்யம்பாளையம் பக்கம் இறங்கும் பழைய பொதிப்பாதை மட்டும் திறந்திருந்தது. செப்டம்பரில் அனுப்பியிருந்தால் வைக்கோல் மேல் நின்றபடியே இறங்கியிருப்பாள். இப்போது நடந்துதான் போக வேண்டும்.

நவம்பர் 27, சனிக்கிழமை கிளம்பினோம். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள். நான் டிரைவர் பக்கத்தில், கணவர் பின்னால் அவளோடு. கிளம்பும்போது, "அந்த லாடத்தையும் எடுத்துக்க" என்றார். கல்பாதையில் வெறுங்குளம்போடு இறக்க முடியாது. தாண்டிக்குடியில் பொதிக்குதிரைகளுக்கு லாடம் கட்டுகிறவர் செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்தார்.

"கழட்டி அனுப்புறதுதான வழக்கம்? நீங்க என்னமோ கெழவிக்குக் கல்யாணம் மாதிரி போட்டு அனுப்புறீங்க."

"போட்டுட்டுப் போயி அங்க கழட்டுறோம்ணே," என்றார் கணவர். குரல் மெதுவாக வந்தது. அந்த லாடக்காரர் அவள் காலைத் தூக்கி மடியில் வைத்தார்.

ஞாயிறு வெள்ளனே மழை இல்லை. நான் திங்கள்கிழமை நூலகத்தைத் திறக்க வேண்டும், கீழே இறங்கினால் திரும்ப முடியாது. காப்பித் தோட்டத்தின் வேலி முடியும் இடத்தில், பாதை இறங்கத் தொடங்கும் மேட்டில் நின்றோம். அவள் காது முன்னால் குவிந்திருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு வருகிறாள். நெற்றித் திட்டில் கையை வைத்தேன். கையை முகர்ந்தாள், பாக்கெட்டில் வைத்திருந்த கேரட்டைக் கொடுத்தேன், தின்றாள். தின்று முடித்ததும் என்னைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள். விடைபெறுதல் என்று நான் மனதில் தயாராக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேரட்டோடு தீர்ந்துவிட்டது.

கணவர் கயிற்றைப் பிடித்து முன்னால் போக நினைத்தார். அவள் விடவில்லை. அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் இறங்கினாள். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் திருப்பம் வரை மலை அவளுக்கு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். மெதுவாக, ஒவ்வொரு காலாக ஊன்றிப் பார்த்து. என் கணவர் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு. மூன்றாவது திருப்பத்துக்குப் பிறகு மணிச்சத்தம் மட்டும். என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது ஒரே வரி: "ஆராதனைக்குப் போகவில்லை. அவள் இறங்கிவிட்டாள்."

அவர் நான்கு நாள் கழித்து வந்தார். வழியில் ஒரு இடத்தில் அவள் நெடுநேரம் நின்றுவிட்டாளாம்; இனி முடியாது என்று அவர் நினைத்தபோது, அங்கே ஒரு ஊற்று இருந்திருக்கிறது, அதில் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தாளாம். தோப்பில் லாடத்தை மறுபடியும் கழற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். நான்கையும் அவள் கழுத்து மணியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். லாடங்களை அதே அலமாரியில் வைத்தேன். வெந்நீர் போட்டுக் கொடுத்தபோது, "செப்டம்பர்லயே அனுப்பியிருக்கணும்" என்றார். நான் "ம்" என்றேன். அந்தப் பேச்சை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

மைதானம் ஓடியது. பெரியவள் போன பிறகு வெள்ளைக் குதிரை முன்னால் போனது. மணி அதற்கு மாறியது. அவள் இல்லாமலும் இரு சுற்றும் போயின. அவள் நின்ற இடத்தில் அவையும் நின்றன, வாளி அங்கே வைக்கப்படாமல் போய் வருஷங்கள் ஆன பிறகும். 1986இல் புதிதாக ஒரு கருங்குதிரை வாங்கினோம். பெரியவளைப் பார்த்தே இராத குதிரை. இரண்டே மாதத்தில் அதுவும் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கப் பழகிக்கொண்டது. புதிதாக வந்த பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் மாஸ்டர், "ஸ்டேஷன்" என்பார், அவ்வளவுதான்.

பெரியவள் தோப்பில் இரண்டு குளிர்காலம் இருந்தாள். கீழே அது குளிரே இல்லை. 1984 பொங்கல் கழித்து, வைக்கோல் போரின் நிழலில் படுத்தவள் எழவில்லை என்று நாத்தனாரின் கார்டு வந்தது. தோப்பிலேயே புதைத்தார்கள். கணவர் கார்டைப் படித்துவிட்டு மைதானத்துக்குப் போய், மணலைச் சமப்படுத்தும் பலகையை எடுத்துச் சமமாகவே கிடந்த மணலை வெகுநேரம் இழுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மே மாதம்தான் நான் அய்யம்பாளையம் போனேன். தோப்பின் நடுவில் ஒரு பழைய கிணறு, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரம். மரத்தைச் சுற்றிப் புல் முளைக்காத ஒரு வட்டத் தடம் இருந்தது, நன்றாக அழுந்தி.

"இது அவ போட்டது," என்றார் நாத்தனார். "வெள்ளனே எந்திரிச்சதும் இதுதான் சோலி. கட்டிப்போடவும் இல்ல, யாரும் ஓட்டவும் இல்ல. தானா சுத்துவா. ஏ ஆத்தா, ஒனக்குத்தான் லீவு குடுத்தாச்சே, ஒக்காருடின்னு சொல்லுவேன். கேப்பாளா?"

"எந்தப் பக்கமாச் சுத்துவா மதினி? மரம் இடக்கையிலயா, வலக்கையிலயா?"

"அத யாரு பாத்தா? இவ ஒருத்தி, கேக்குறா பாரு கேள்வி. குதிரை சுத்துச்சு தாயி, அம்புட்டுத்தான்."

தேங்காய் பறிக்க வந்திருந்தவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்த இடத்தில் முன்காலத்தில் எண்ணெய்ச் செக்கு ஒன்று இருந்தது, தடம் மாடு சுற்றிய தடம், தன் சின்ன வயசிலிருந்தே கிடக்கிறது என்றார். நாத்தனார் அவரைப் பார்த்து, "நீ மரத்துல ஏறு, போ" என்றார்.

நான் ஊர் திரும்பியதும் கணவரிடம் தடத்தைப் பற்றிச் சொன்னேன், செக்கைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நெதமும் சுத்துனாளாமா?" ஆமாம் என்றேன். அது அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தீர்மானமாக இல்லை. ஓய்வுக்கு என்று அனுப்பியவள் அங்கேயும் எங்கள் வேலையையே செய்துகொண்டிருந்தாளா, அல்லது நடப்பது அவளுக்கு வெறும் நடையாகத்தான் இருந்ததா என்பது அந்தத் தடம் யாருடையது என்பதைப் பொறுத்தது. அங்கே செக்கு இருந்ததா என்று ஊரில் வயதான இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் இருந்தது என்றார். மற்றவர் செக்கு இருந்தது வேறு தோப்பில் என்றார். 1985 மே குறிப்பில் அந்த வரிக்கு எதிரே நான் எழுதியது இன்னும் அப்படியேதான் இருக்கிறது: "வேப்பமரத்தைச் சுற்றிய தடம், பெரியவளுடையது எனச் சொல்லப்படுகிறது. சரிபார்க்கப்படவில்லை."